தலைநகரம் பார்க்க விரும்பும் மகள்: இரண்டு நாள் விடுமுறையில் திருவனந்தபுரத்தில் எதைக் காட்டலாம்?

கேள்வி – கருங்கல்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். அண்மையில் அவள் மாநிலங்களையும் தலைநகரங்களையும் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, அருகில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் மாமியார், தாம் பிறந்த காலத்தில் நமக்குத் தலைநகரம் சென்னை அல்ல, திருவனந்தபுரம்தான் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தலைநகரம் எப்படி மாறும், யார் மாற்றினார்கள், நாம் வீடு மாறினோமா என்று கேள்விகள் ஓய்ந்தபாடில்லை. காலாண்டுத் தேர்வு விடுமுறையில் அந்த ஊரை நேரில் காட்ட வேண்டும் என்பது அவளுடைய கோரிக்கை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழந்தைகள் பலருக்கும்போல அவளுக்கும் திருவனந்தபுரம் என்றால் மருத்துவமனைதான். உறவினரைப் பார்க்கப் போவதும், நீண்ட நேரம் காத்திருப்பதும், ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்புவதும் அல்லாமல், ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று அவளை அழைத்துச் சென்றதே இல்லை. இணையத்தில் தேடினால் ஒரே நாளில் கோயில், அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா, கோவளம், வேளி, பூவார் என்று மூச்சு முட்டும் அளவுக்கு அடுக்குகிறார்கள்.

நாங்கள் இருவர், முழங்கால் வலியுள்ள மாமியார், மகள், அவளுடன் படிக்கும் அடுத்த வீட்டுப் பெண் என ஐவர் செல்கிறோம். அதிகம் போனால் இரண்டு நாள் ஒதுக்கலாம். எந்த இடங்களை எந்த வரிசையில் காட்டினால் அவளுடைய கேள்விக்கும் விடை கிடைத்து, குழந்தைகளும் சோர்ந்துபோகாமல் இருப்பார்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். தொடர்வண்டியில் போவதா, காரில் போவதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – வேளிமலை அடிவாரம்

அம்மா, உங்கள் மகளின் கேள்விக்கான விடை கருங்கல்லிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே தொடங்குகிறது. திருவனந்தபுரத்துக்கு முன்பு, நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசின் தலைநகரமாக இருந்தது தக்கலைக்கு அருகிலுள்ள நம் பத்மநாபபுரம். 1795-ஆம் ஆண்டு, தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில்தான் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. ஆகவே தலைநகரம் மாறியது ஒருமுறை அல்ல; முதலில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு, பிறகு 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது நமக்கு மட்டும் சென்னைக்கு. முதல் தடவை அரசர் இடம் மாறினார். இரண்டாம் தடவை எல்லைக்கோடு மாறியது, நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புரியும்.

எனவே முதல் நாளின் முற்பகலைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கொடுங்கள் என்பேன். பள்ளிச் சுற்றுலாவில் பார்த்ததுதானே என்று தள்ள வேண்டாம். வரிசையில் நிறுத்தி, பேசாதே, தொடாதே என்று அதட்டிக்கொண்டே ஓட்டிச் செல்லும் சுற்றுலாவில் பிள்ளைகள் பார்ப்பது முன்னால் நிற்பவரின் முதுகைத்தான். பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் தொண்ணூறு விதமான பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றைப்போல இன்னொன்று இல்லை என்பார்கள். பிள்ளைகள் இருவரையும் அங்கே நிறுத்தி ஒரே மாதிரி இரண்டு பூ கிடைக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அதே கூரையிலிருந்து சங்கிலியில் ஒரு குதிரை விளக்கு தொங்கும். குதிரைமேல் வீரன் அமர்ந்திருக்கும் அந்த விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். குதிரையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். திருவனந்தபுரத்திலும் குதிரைகள் வரும்.

உள்ளே நவராத்திரி மண்டபத்தில் அரச குடும்பத்துப் பெண்கள் தாம் வெளியே தெரியாமல் நடனம் பார்ப்பதற்கென அமைத்த மரச்சாளரங்கள் இருக்கின்றன. அரசவைப் பகுதியில் கருங்கண்ணாடிபோலப் பளபளக்கும் தரை, சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு முதலியவற்றைச் சேர்த்துச் செய்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஆயினும் உங்கள் மாமியாரை மாடிகளுக்கு ஏற்ற வேண்டாம். மரப்படிகள் செங்குத்தானவை, நிலைகள் தாழ்வானவை. செருப்பையும் வெளியே விட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். அவர் பூமுகத்தையும் கீழ்த்தளத்தையும் பார்த்துவிட்டு முற்றத்து நிழலில் அமர்ந்துகொள்ளலாம்.

அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில்தான் இன்றும் இருக்கிறது. இதை உங்கள் மகளிடம் சொன்னால் இன்னும் இருபது கேள்வி வரும். அதற்கு நான் பொறுப்பல்ல. திங்கட்கிழமை விடுமுறை, நண்பகலில் இடைவேளையும் உண்டு.

பதில் 2 – தம்பானூர் பயணி

வேலைக்காகக் குழித்துறையிலிருந்து நாள்தோறும் தொடர்வண்டியில் திருவனந்தபுரம் சென்றுவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். வேளிமலை ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பத்மநாபபுரத்தை முடித்துக்கொண்டு அதே நாளில் திருவனந்தபுரத்துக்கும் கிளம்புவது குழந்தைகளுக்கும் பாட்டிக்கும் பெரும் சோர்வைத் தரும். பத்மநாபபுரத்தை முதல் நாள் தனியாகப் பார்த்துவிட்டு இரவு வீட்டிலேயே தூங்குங்கள். மறுநாள் காலையில் திருவனந்தபுரம் சென்று மாலையில் திரும்பிவிடலாம். விடுதி எடுக்கும் செலவும் இல்லை.

காரைத் தவிர்த்துவிடுங்கள். களியக்காவிளையைத் தாண்டிப் பாலராமபுரம் வரும் வரைக்கும் நெரிசல், அதற்குப் பிறகு நகரத்துக்குள் வண்டி நிறுத்த இடம் தேடி அலைச்சல். குழித்துறையில் காலை வண்டியைப் பிடித்தால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக நேராகத் திருவனந்தபுரம் சென்ட்ரல். இந்தப் பாதையே 1979-இல்தான் வந்தது. அதற்கு முன்பு பேருந்தை விட்டால் வேறு வழியில்லை என்பதை உங்கள் மாமியாரே சொல்வார். அலுவலகம் செல்லும் கூட்டம் ஏறும் வண்டிகளில் உட்கார இடம் கிடைப்பது அரிது என்பதால், சனி அல்லது ஞாயிறு செல்வது நல்லது. திங்கள் அறவே வேண்டாம். உயிரியல் பூங்கா, அருங்காட்சியகம், குதிரமாளிகை மூன்றும் அன்று மூடியிருக்கும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தம்பானூர். அங்கே சுருள்போல மேலேறும் செங்கல் கட்டடம் ஒன்றில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த அந்தக் கட்டடத்தில் தளங்களே கிடையாது. சரிந்து சுற்றிச் செல்லும் ஒரே பாதைதான், அதன் ஓரமாகவே மேசைகளும் இருக்கைகளும். விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்த பரிமாறுபவர் கொண்டுவரும் மசால் தோசைக்குள் பீட்ரூட் சேர்த்த சிவப்பு மசால் இருக்கும். வீட்டில் பீட்ரூட்டைக் கண்டால் ஓடும் பிள்ளைகள் அங்கே மறு பேச்சின்றிச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டியைக் கீழேயே உட்கார வைத்துவிடுங்கள்.

அங்கிருந்து ஆட்டோவில் கிழக்கேகோட்டை மிக அருகில். முதலில் குதிரமாளிகை. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனை அது. மேல்மாடத்தின் இறவாரத்தைத் தாங்கும் மரத்தாங்கிகளில் 122 குதிரைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வரிசை முழுவதும் பாய்வதற்குக் காலைத் தூக்கி நிற்பதுபோலத் தோன்றும். ஐயா சொன்ன பூமுகத்துக் குதிரைக்கு இங்கே உறவு கண்டுபிடிக்கட்டும். உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. அதனால் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுசென்று, பிடித்த குதிரை ஒன்றை வெளியே வந்த பிறகு வரையச் சொல்லலாம்.

பக்கத்திலேயே, கோயிலைப் பார்த்தபடி உள்ள கட்டடத்தின் உச்சியில் மேத்தன் மணி என்னும் பழைய கடிகாரம் இருக்கிறது. கடிகாரத்துக்கு மேலே தாடி வைத்த ஒரு முகம். மணி அடிக்கும்போது அது வாயைத் திறக்க, இரு பக்கமும் நிற்கும் ஆட்டுக்கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். சரியாக ஒரு மணி நிறைவதற்குச் சற்று முன்பாகவே பத்மதீர்த்தக் குளத்தின் கரையில் போய் நின்றுகொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த மணி வரைக்கும் பிள்ளைகள் நகர மாட்டார்கள்.

பிற்பகலில் உயிரியல் பூங்காவும் நேப்பியர் அருங்காட்சியகமும். இரண்டும் ஒரே வளாகம். பூங்கா 1857-இல் தொடங்கியது, நாட்டிலேயே பழமையானவற்றுள் ஒன்று. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880-இல் முடிக்கப்பட்ட அருங்காட்சியகக் கட்டடத்தில் மின்விசிறி இல்லாமலே காற்று வரும்படி அமைப்பு இருக்கிறது. குழந்தைகளுக்கு அதைவிடப் பக்கத்துப் புல்வெளியே பிடிக்கும் என்றால் அதற்கும் இடம் கொடுங்கள்.

பதில் 3 – தோவாளைப் பூக்காரர்

மேலே எழுதிய இருவரும் அரசரைப் பற்றியும் அரண்மனையைப் பற்றியுமே சொல்கிறார்கள். தலைநகரம் என்பது அரண்மனை மட்டுமா? அரசு நடக்கும் இடத்தையும் பிள்ளை பார்க்க வேண்டாமா? கிழக்கேகோட்டையிலிருந்து அருங்காட்சியகத்துக்குச் செல்லும் வழியில்தான் தலைமைச் செயலகம் இருக்கிறது. 1869-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் எந்நாளும் ஏதாவது ஒரு சங்கத்தார் பந்தலிட்டுப் போராடிக்கொண்டிருப்பார்கள். அதையும் சேர்த்தே காட்டுங்கள். மக்கள் தங்கள் குறையைச் சொல்ல வந்து நிற்கும் இடம் எதுவோ அதுவே தலைநகரம் என்று பாடப்புத்தகம் சொல்லாததை அந்தப் பந்தல் சொல்லும்.

திருவிதாங்கூரில் 1888-லேயே சட்டசபை ஏற்பட்டது. இந்திய சமஸ்தானங்களில் அதுவே முதலாவது. மாவட்டம் இணைவதற்கு முன்பு நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இந்நகரத்துக்கு வந்துதான் பேசினார்கள். மார்ஷல் நேசமணி உள்ளிட்டோர் தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடிய காலத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் உயிர்கள் போயின. புதுக்கடை உங்கள் கருங்கல்லுக்கு எத்தனை அருகில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யார் மாற்றினார்கள் என்று கேட்கும் பிள்ளைக்கு, அரசர் மாற்றிய கதையை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது சரியாகாது. இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு விவரிக்க வேண்டாம். நம் ஊர்க்காரர்கள் கேட்டுப் பெற்றது என்பது தெரிந்தால் போதும்.

இன்னொன்று. நாள்தோறும் பள்ளியில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதிய மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். அதே கல்லூரிதான் இன்று பாளையத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது. ஆட்டோ அந்த வழியாகப் போகும்போது கையை நீட்டிக் காட்டினால் போதும், இறங்கவே வேண்டாம். தமிழ்நாடு முழுவதும் பாடும் பாட்டு கேரளத்துத் தலைநகரத்தோடு தொடர்புடையது என்று உங்கள் மகள் வகுப்பில் சொன்னால் ஆசிரியரே வியப்பார்.

கருங்கல்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. முதல் நாள் பத்மநாபபுரம், மறுநாள் தொடர்வண்டியில் திருவனந்தபுரம் என்று முடிவு செய்துவிட்டோம். மகளிடம் குதிரை விளக்கைப் பற்றிச் சொன்னதும் இன்றைக்கே போகலாம் என்று செருப்பைத் தேடினாள்.

ஒரு சிக்கல். பத்மநாபசுவாமி கோயிலுக்குச் செல்ல வேண்டும் என்று மாமியார் ஆசைப்படுகிறார். உடன் வரும் அடுத்த வீட்டுப் பெண் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. அவளை வெளியே நிறுத்திவிட்டு என் மகளை மட்டும் உள்ளே அழைத்துச் செல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலும் வரிசை நீண்டால் மாமியாரின் முழங்காலும் தாங்காது. இதற்கு என்ன செய்யலாம்?

பதில் 2 தொடர்ச்சி – தம்பானூர் பயணி

உங்கள் எண்ணம் சரியானது. அங்கே இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட ஆணையை 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் அரசர் சித்திரைத் திருநாள் வெளியிட்டார். அதற்கு முன்பு நம் மக்களில் பெரும்பகுதியினர் அந்தக் கோயில் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள் என்பதும் பிள்ளைகள் அறிய வேண்டியதே.

நான் சொல்லும் வழி இதுதான்: குதிரமாளிகையைப் பார்க்கும் நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் உங்கள் கணவரோடு இருக்கட்டும், நீங்கள் மாமியாரை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வாருங்கள். காலையில் பூசைக்காக இடையிடையே நடை சாத்துவார்கள் என்பதால், அன்றைய தரிசன நேரங்களை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேலை கட்டிக்கொண்டால் உடைபற்றிய கவலை இல்லை; சுடிதார் என்றால் அதன்மேல் வேட்டி சுற்ற வேண்டியிருக்கும். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. ஆகவே வெளியே வந்ததும் எங்கே சந்திப்பது என்பதை வாய்மொழியாகவே உறுதி செய்துவிட்டுப் பிரியுங்கள். மேத்தன் மணிக்குக் கீழே என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குக் காத்திருப்பது தெரியாது.

உள்ளே பெருமாள் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கும் திருமேனியை மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழுமையாகத் தரிசிக்க முடியும். அதற்கு முன்னுள்ள ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறித் தரிசிக்க வேண்டியிருக்கும். மாமியாரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மகள் கோயிலைப் பார்க்கவில்லையே என்ற குறை வேண்டாம். ஏழு நிலைக் கோபுரமும் அதன் நிழல் விழும் குளமும் வெளியிலிருந்தே இருவருக்கும் ஒன்றுபோலத் தெரியும்.

பதில் 4 – குளச்சல் கடலோரம்

அக்கா, இரண்டு பிள்ளைகளின் தாய் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். மாலையில் கோவளம் போகலாமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். கடலைப் பார்க்க நாம் திருவனந்தபுரம் போக வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த நேரத்தைப் பாளையத்தில் செலவிடுங்கள். தூய வளனார் பேராலயம், ஜும்மா பள்ளிவாசல், கணபதி கோயில் மூன்றும் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன. உங்களுடன் வரும் பிள்ளையும் பேராலயத்துக்குள் சென்று வரட்டும், உங்கள் மகளும் தாராளமாக உடன் செல்லலாம்.

கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மேல்தளம் திறந்த இரட்டைத் தளப் பேருந்தில் நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறது, கிழக்கேகோட்டையிலிருந்து புறப்படும். இடம் கிடைத்தால் அருங்காட்சியகத்தைக்கூட விட்டுவிட்டு இதில் ஏறுங்கள். தலைமைச் செயலகத்தைத் தரையில் நின்று பார்ப்பதற்கும் மாடியிலிருந்து பார்ப்பதற்கும் பிள்ளைகளிடம் வேறுபாடு தெரிகிறது. படியேற முடியாவிட்டால் மாமியார் கீழ்த்தளத்தில் அமர்ந்துகொள்ளலாம்.

உயிரியல் பூங்காவில் ஏற்ற இறக்கம் அதிகம். முதியவர்களை ஏற்றிச் செல்ல மின்கல வண்டி அன்று ஓடுகிறதா என்று நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். ஓடவில்லை என்றால் அவர் வாசலை ஒட்டிய மரத்தடி இருக்கையில் இருக்கட்டும், நீங்கள் நீர்யானையையும் புலியையும் மட்டும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுங்கள். விலங்குகள் வெயில் நேரத்தில் தூங்கிக் கிடக்கும் என்பதால் மூன்று மணிக்கு மேல் உள்ளே போவது நல்லது.

விடுமுறை நவராத்திரியை ஒட்டி வந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்வது அப்போதுதான். பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டுக் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, நவராத்திரி தொடங்குவதற்குள் போய்ச் சேர்வார்கள். தலைநகரம் போனாலும் திருவிழா இன்றும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. குழித்துறைக்கு வரும் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிடுங்கள், உங்களுக்கு அது அடுத்த ஊர்தானே. ஆனால் சரஸ்வதி பூசை, விஜயதசமி நாள்களில் திருவனந்தபுரம் போவதாக இருந்தால் எவை திறந்திருக்கும் என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் வண்டியில் இருக்கை கிடைக்க, ஆறு மணிக்குள் நிலையத்துக்கு வந்துவிடுவது நல்லது.